வன்னிக் கரைப் படகுக்கு ஹைட்ரோலிக் ஜக் பிளேட் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவுக் கரையில் படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன் நான். கொஞ்சக் காலமாக என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி இது. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் ஒருவர் அங்கே ஏரியில் பாஸ் என்ற மீனைப் பிடிக்க ஓடும் வேகப் படகான பாஸ் போட்டைக் காட்டி, "இதைப் பூட்டினால் உன்ர போட்டும் பறக்கும், நான் அனுப்பிவிடுறன்" என்று சொல்லியிருப்பார். இங்கே இருப்பவருக்கு ஆசையும் இருக்கும், தயக்கமும் இருக்கும். கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜக் பிளேட் என்ன வேலை செய்யும்?

படகின் பின்பலகைக்கும் எஞ்சினுக்கும் இடையில் பூட்டுகிற அலுமினியத் தாங்கி அது. எஞ்சினை நிமிர்ந்தபடியே மேலும் கீழும் நகர்த்தும். கூடவே எஞ்சினைப் பின்பலகையிலிருந்து சில அங்குலம் பின்னுக்கும் தள்ளிவைக்கும். 4, 6, 8, 10, 12 அங்குலப் பின்தள்ளலோடு கிடைக்கிறது. கையால் சரிசெய்யும் வகையில் ஆணியைத் தளர்த்தி, உயரத்தை மாற்றி, திரும்ப இறுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்ற முடியாது. ஹைட்ரோலிக் வகையில் 12 வோல்ட் மோட்டரும் எண்ணெய்ப் பம்பும் இருக்கும். ஓட்டுகிறவர் சுவிட்சை அமத்தினால் ஓட்டத்திலேயே எஞ்சின் ஏறி இறங்கும். ஏறக்குறைய 5 அங்குல தூரம் ஏறும்.

எஞ்சினைச் சரித்துத் தூக்கத்தானே செய்கிறோம். அது போதாதா?

இரண்டும் வேறு வேலை. சரித்துத் தூக்கும்போது புறொப்பெல்லர் தள்ளுகிற திசையே மாறிவிடும். அணியம், அதாவது படகின் முன்பக்கம், எழும்பும், பின்பக்கம் இன்னும் தாழும். ஆழம் குறைந்த இடத்தில் பின்பக்கம் தாழ்வது நமக்குத் தேவையில்லாத ஒன்று. ஜக் பிளேட் தூக்கும்போது புறொப்பெல்லர் நேர் பின்னாகவே தள்ளும், எஞ்சினின் கால் (தண்ணீருக்குள் நிற்கும் பகுதி) மட்டும் மேலே வரும். அதனால் ஆழமில்லாத தண்ணீரில் வேகத்தை முழுதாக இழக்காமல் ஓடலாம்.

ஆனால் கரைக்கு ஏறும் நேரத்தில் அலையோடு வந்து மணலில் முட்டுவதற்கு முன் எஞ்சினைத் தூக்குவதற்குச் சரிவுதான் வேண்டும். 5 அங்குலத்தால் அந்த வேலை நடக்காது. முல்லைத்தீவு, செம்மலை, அளம்பில் பக்கம் மணற்கரையில் இறங்கி ஏறுகிறவர்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே பாஸ் போட்டில் இதைக் கட்டாயம்போலப் பூட்டுகிறார்களே, ஏன்?

அந்தப் படகு வேறு படகு. 18 முதல் 21 அடி நீளம், கீழ்ப்பக்கம் ஆழமில்லாத V வடிவம், பின்னால் 150 முதல் 250 குதிரை வலு எஞ்சின், ஸ்டியரிங் சில்லு, இரண்டு மூன்று பற்றரி. ஏரியில் போட்டிக்கு ஓடுவது. விடியற்காலையில் மற்றவனுக்கு முன் மீன் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். மணிக்கு இரண்டு மூன்று மைல் கூடினாலே அவர்களுக்குப் பெரிய விஷயம். பிறகு புல் படர்ந்த ஆழமற்ற குடாவுக்குள் நுழைய எஞ்சினை உயர்த்த வேண்டும். அந்தத் தேவைக்கு ஜக் பிளேட் அருமையான சாதனம்.

நம் படகில் வலை, ஐஸ், எண்ணெய்க் கலன், மூன்று பேர், திரும்பி வரும்போது மீன். கொண்டுபோகும் பாரமும் கடலும் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பலன் ஒன்றாகாது.

18 அடி பைபர் போட், 25 குதிரை எஞ்சின், கைபிடியில் ஓட்டுகிறேன். ஹைட்ரோலிக் பூட்டலாமா?

வேண்டாம். நான் இதை வளைத்து நெளித்துச் சொல்வதில்லை.

முதலாவது, கயிறு இழுத்து இயக்கும் எஞ்சினில் பற்றரிக்கு இடமில்லை. சிலவற்றில் விளக்கு எரிக்கும் அளவுக்கு மின்சாரம் வரும். ஹைட்ரோலிக் பம்ப் ஏறும்போது இழுக்கும் மின்சாரத்துக்கு அது கிட்டவும் வராது. வீட்டில் சார்ஜ் பண்ணிய பற்றரியைத் தினமும் தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும்.

இரண்டாவது, பாரம். ஹைட்ரோலிக் பிளேட் ஒன்று பொதுவாக 25 முதல் 40 கிலோ வரை இருக்கும். அதோடு பற்றரியும் சேர்ந்தால் எஞ்சினின் பாரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். எல்லாம் படகின் கடைசி முனையில். படகு நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்து நிற்கும். வலை வளைத்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு அலை ஏறினால் தண்ணீர் உள்ளே. வாடைக் காலத்தில் கிழக்குக் கரையில் அலை எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, கைபிடி. எஞ்சின் 8 அங்குலம் பின்னுக்குப் போனால் கைபிடியும் போகும். ஓட்டுகிறவர் இன்னும் பின்னுக்குச் சாய்ந்து இருக்க வேண்டும், அங்கேயும் பாரம் கூடும். எண்ணெய்க் குழாய் எட்டாது.

நான்காவது, வலை. பின்பலகைக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு இடைவெளி, அதில் நாலு பக்கமும் ஆணித் தலைகள். நூல் வலை அதில் ஒருமுறை மாட்டினால் இருட்டில் எடுக்க எவ்வளவு நேரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று: இந்தப் பிளேட்டுகளில் பெரும்பாலானவை பின்பலகையை ஊடுருவி ஆணி போட்டுப் பூட்டும் பெரிய எஞ்சினின் துளை அளவுக்குச் செய்யப்பட்டவை. இறுக்கித் திருகிப் பிடிக்கும் சின்ன எஞ்சினை அதில் மாட்ட இடையில் ஒரு கட்டை செய்துதான் ஆக வேண்டும்.

சரி, எஞ்சின் உயரம் சரியா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். ஜக் பிளேட் தருகிற நன்மையில் பெரும்பகுதி எஞ்சினைச் சரியான உயரத்தில் வைப்பதால் வருவது. அதை ஒரு துண்டு மரத்தால் செய்யலாம்.

எஞ்சின் கால் இரண்டு அளவில் இங்கே கூடுதலாக ஓடுகிறது: குட்டைக் கால் 15 அங்குலம், நெட்டைக் கால் 20 அங்குலம். பின்பலகை உயரம் இதற்குப் பொருந்த வேண்டும். படகு கட்டினவர் ஒரு அளவில் வெட்டியிருப்பார், நாம் கிடைத்த எஞ்சினை மாட்டியிருப்போம். பலபேரின் படகில் எஞ்சின் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாகத் தாழ்ந்துதான் நிற்கிறது.

கரையில் வைத்துப் பார்க்கிற முறை: எஞ்சினை ஓடும் நிலைக்கு இறக்குங்கள். நேரான சட்டம் ஒன்றை ஏராவின் (படகின் அடியில் நடுவால் ஓடும் முதுகெலும்பு) அடியோடு ஒட்டிப் பிடித்துப் பின்பலகையைத் தாண்டி எஞ்சின் வரை நீட்டுங்கள். புறொப்பெல்லருக்கு நேர் மேலே அகலமான தட்டு ஒன்று கிடையாக இருக்கிறதல்லவா, கவிட்டேசன் பிளேட் என்பார்கள், அது அந்தச் சட்டத்தோடு ஒரே மட்டத்தில் அல்லது அதற்கு ஒரு அங்குலம் மேலே நிற்க வேண்டும். சட்டத்துக்குக் கீழே இரண்டு அங்குலம் இருந்தால் எஞ்சின் தாழ்வு. அந்த இரண்டு அங்குலக் காலையும் நீங்கள் தினமும் தண்ணீருக்குள் சும்மா இழுத்துக்கொண்டு போகிறீர்கள்.

கடலில் பார்க்கிற முறை: காற்று விழுந்த காலை நேரம். வேறொருவர் ஓட்டட்டும். படகு எழும்பி ஓடத் தொடங்கியதும் நீங்கள் பின்பலகைக்கு மேலால் எட்டிப் பாருங்கள். அந்தத் தட்டின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் வழுக்கிக்கொண்டு போகும், தட்டின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். அதுதான் நல்ல உயரம். தட்டே தெரியாமல், காலில் தண்ணீர் மோதி இரண்டு பக்கமும் விசிறியடித்து, உங்கள் முகத்துக்கும் தெறித்தால் எஞ்சின் தாழ்வு. வளைக்கும்போது எஞ்சின் திடீரென்று அலறி, புறொப்பெல்லர் நுரையைக் கடைந்து, படகு தள்ளாமல் நின்றால் உயரம் கூடிவிட்டது.

தாழ்வாக இருந்தால் பின்பலகையின் மேல் விளிம்பில் அரை அங்குலத் தடிப்பில் ஒரு மரச்சட்டம் வையுங்கள். முதிரை, பாலை நல்லது, தண்ணீரில் ஊதாது. அரை அங்குலம் உயர்த்தி ஓடிப் பாருங்கள். போதாதென்றால் இன்னொரு அரை. திருகிப் பிடிக்கும் எஞ்சின் என்றால் ஒரு அங்குலத்துக்கு மேல் இந்த வழியில் போக வேண்டாம், திருகின் பாதம் பலகையில் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். எஞ்சினுக்கு ஒரு சங்கிலி அல்லது தடித்த கயிறு போட்டுப் படகோடு கட்டுங்கள். இது உயரம் மாற்றாதவர்களுக்கும் வேண்டியதுதான்.

வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள், காதால் அல்ல. ஒரே பாரம், ஒரே எண்ணெய். போகும்போது ஒருமுறை, அதே வழியால் திரும்பும்போது ஒருமுறை ஓடி இரண்டின் நடு அளவை எடுங்கள். நீரோட்டமும் காற்றும் கணக்கைக் கெடுக்காது. வெறும் படகில் மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். வலையும் மீனும் ஏற்றி வருகிற பாரத்திலும் பாருங்கள், ஏனென்றால் உங்களுக்கு எண்ணெய் கூடுதலாகப் போவது அப்போதுதான்.

எண்ணெய் மிச்சமாகுமா?

இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் வலி எனக்குத் தெரியும். 2022 ஓகஸ்டில் படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. அதற்குப் பிறகு ஒரு போத்தல் எண்ணெயை மிச்சம் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும் நம் காது அந்தப் பக்கம் திரும்புகிறது.

எஞ்சின் தாழ்வாக இருந்து அதை உயர்த்தினால் மிச்சமாகும், உறுதியாகச் சொல்வேன். ஆனால் மரச்சட்டம் வைத்துச் சரிசெய்த படகுக்கு மேலதிகமாக ஹைட்ரோலிக் பூட்டி வருகிற மிச்சம், 25, 40 குதிரை எஞ்சினில், போட்ட காசைத் திருப்பித் தராது. அமெரிக்காவிலேயே ஹைட்ரோலிக் பிளேட் ஆயிரம் டொலர் அளவில் விற்கிறது. அதற்கு மேல் கப்பல் கூலி, வரி. அந்தப் பணத்தின் சிறு பகுதியில் இறகு நெளிந்த புறொப்பெல்லரை மாற்றலாம், படகின் அடியில் பிடித்த பாசியையும் சிப்பியையும் சுரண்டிப் பூசலாம். இரண்டும் எண்ணெய்ச் செலவை உடனே குறைக்கும்.

பின்பலகை தாங்குமா?

பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது. நம் பைபர் போட்டுகளின் பின்பலகை வெளியே பைபர், உள்ளே ஒட்டுப்பலகை. எஞ்சினைத் திருகித் திருகி, ஆணி போட்டுக் கழற்றி, அந்த ஓட்டைகளால் தண்ணீர் உள்ளே போய் மரம் உளுத்திருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும்.

சோதிக்கும் முறை: எஞ்சினைக் கழற்றிவிட்டுச் சின்னச் சுத்தியலால் பின்பலகை முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல மரம் "டக் டக்" என்று கூர்மையாகக் கேட்கும். உளுத்த இடம் மந்தமாகக் கேட்கும், தட்டுகிற கைக்கே வித்தியாசம் தெரியும். சந்தேகமான இடத்தில் உள்பக்கமாக மெல்லிய துளை ஒன்று போடுங்கள். காய்ந்த மஞ்சள் தூள் வந்தால் நல்லது. ஈரமாய், கறுத்த தூள் துளைகருவியில் ஒட்டிக்கொண்டு வந்தால் ஜக் பிளேட் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுப் பின்பலகையைப் புதிதாக்குங்கள். துளையை எப்படியும் அடைத்துவிட வேண்டும். பிறகு எஞ்சினை மாட்டி, காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, பின்பலகை நெளிகிறதா, பக்கவாட்டோடு சேரும் மூலையில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், எஞ்சினை 8 அங்குலம் பின்னுக்குத் தள்ளும்போது அது பின்பலகையை நெம்புகோல்போல் நெம்பும். கரையில் நிற்கும்போது தாங்கிவிடும். அலையில் ஏறி விழும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு பலமடங்காகும். ஏரியில் ஓடும் படகுக்கு இல்லாத அடி இது.

நந்திக்கடலில் ஆழம் இல்லை. அங்கே ஓட ஜக் பிளேட் உதவுமா?

அரை அடிக்குக் கிட்ட ஆழம் குறைந்த தண்ணீரிலும் ஓடலாம். ஆனால் களப்பின் அடி சேறும் மணலும். எஞ்சின் குளிர்வதற்கு உறிஞ்சுகிற தண்ணீர் கியர்ப் பெட்டியின் பக்கவாட்டுத் துளைகளால் போகிறது. ஆழமற்ற இடத்தில் வேகமாக ஓடினால் புறொப்பெல்லர் கிளப்பும் மணலையும் அது உறிஞ்சும். பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் றப்பர் இம்பெல்லர் தேயும், பாதை அடைபடும். உள்ளே போக முடிகிறது என்பதற்காகப் போகப் போக எஞ்சின் ஆயுள் குறையும். அதோடு இறால் வலையும் கட்டுவலையும் போட்டிருக்கும் இடத்தில் எஞ்சினோடு பாய்வது மற்றவனின் பிழைப்பைக் கிழிப்பது. களப்புக்குள் கம்பு ஊன்றிப் போகிறவர்களுக்கு அதற்குக் காரணம் இருக்கிறது. நந்திக்கடலிலும் கொக்கிளாயிலும் கொடுவா தேடித் தூண்டில் போட வருகிற வெளிநாட்டு உறவுகளுக்கும் இதையே சொல்கிறேன்.

அப்படியானால் வன்னியில் யாருக்குமே தேவையில்லையா?

தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மேற்குக் கரையைப் பாருங்கள். பூநகரி, கிராஞ்சி, வலைப்பாடு, நாச்சிக்குடா, இரணைமாதா நகர். பாக்கு விரிகுடா முழுவதுமே ஆழம் குறைந்த கடல். கரையிலிருந்து வெகுதூரம் சாதாளை (கடற்புல்), மணல் திட்டி, இடையிடையே முருகைக்கல். வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான் என்றாலும், வற்று நேரத்தில் அந்த அரை மீற்றர்தான் போகலாமா நிற்க வேண்டுமா என்று தீர்மானிக்கும்.

அங்கே 60 குதிரைக்கு மேல் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், ஸ்டியரிங், பற்றரியோடு ஓடுகிற பெரிய படகு ஒன்று, ஆட்களையும் சாமானையும் ஏற்றி ஆழமான இடத்திலிருந்து ஆழமற்ற இடத்துக்கு ஒரே ஓட்டத்தில் போய்வருகிறது என்று வையுங்கள். 2018இல் மக்கள் திரும்பிப் போன இரணைதீவு போன்ற இடங்களுக்கு ஓடும் படகுகளை நினைத்துப் பாருங்கள். போகும்போது சீமெந்து, அரிசி, வரும்போது வெறும் படகு. ஒரு நாளிலேயே பாரமும் ஆழமும் மாறிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட படகுக்குத்தான் ஓட்டத்திலேயே உயரம் மாற்றும் ஹைட்ரோலிக் பெறுமதியானது. பின்பலகை தேறினால் நான் தயங்காமல் பூட்டிக்கொடுப்பேன்.

ஆழம் பெரிதாக மாறாது, பாரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்றால் கையால் சரிசெய்யும் பிளேட் போதும். பாரம் குறைவு, பற்றரி வேண்டாம், விலையும் ஹைட்ரோலிக்கின் பாதிக்கும் கீழே. ஒருமுறை உயரத்தைக் கண்டுபிடித்துப் பூட்டிவிட்டால் பிறகு தொடவே தேவையில்லை.

எத்தனை அங்குலப் பின்தள்ளல் எடுப்பது?

நம் படகுகளுக்கு 4, மிஞ்சினால் 6. அதற்கு மேல் எடுத்தால் அணியம் தூக்கிக்கொண்டு எழும்பத் தாமதிக்கும். பின்தள்ளும்போது எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தவும் வேண்டும், ஏனென்றால் படகின் அடியைவிட்டு வெளியே வரும் தண்ணீர் பின்னால் போகப் போக எழும்பும். 8 முதல் 12 அங்குலப் பின்தள்ளலுக்கு ஒரு அங்குலம் என்பது தொடங்குவதற்கான கணக்கு. முடிவை ஓடிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

புறொப்பெல்லரை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். எஞ்சினோடு வரும் சாதாரண அலுமினியப் புறொப்பெல்லர் உயர்த்தியவுடன் காற்றை இழுத்து வழுக்கும். இறகின் விளிம்பு உள்ளே மடிந்த வகை தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். இந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

இரணைமடு, முத்தையன்கட்டுக் குளத்தில் ஓட்ட?

தேவையில்லை. குளத்தின் அடியில் நிற்கும் பட்ட மரக் குற்றிகளிலிருந்து எந்தப் பிளேட்டும் காப்பாற்றாது. ஜப்பான் மீனுக்கும் விராலுக்கும் துடுப்பு போதும்.

பாவித்த பிளேட் ஒன்றை அனுப்புகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

நல்ல தண்ணீர் ஏரியில் ஓடியதா, உப்புத் தண்ணீரில் ஓடியதா என்று கேளுங்கள். சிலிண்டரின் தண்டில் கீறலோ துருப்புள்ளியோ இருந்தால் எண்ணெய் கசியும், எஞ்சின் ஓட்டத்திலேயே மெல்ல இறங்கும். நகரும் இடத்தில் இருக்கும் பிளாஸ்ரிக் தேய்வுத் துண்டுகள் தேய்ந்திருந்தால் எஞ்சின் ஆடும். மோட்டரை 12 வோல்ட் கொடுத்து எஞ்சின் பாரத்தோடு ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லி வீடியோ கேளுங்கள். வெறும் பிளேட் ஏறுவது சோதனை ஆகாது. அந்தப் பிளேட் எத்தனை குதிரை வரை தாங்கும் என்று அதில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உதிரிகள் இங்கே கடையில் கிடைக்காது, சீல் தொகுதி ஒன்றையும் ரிலே ஒன்றையும் அதோடு சேர்த்து அனுப்பச் சொல்வது புத்தி.

கடல் தண்ணீரில் துருப்பிடிக்காதா?

அலுமினியமும் துருவேறா எஃகும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிபடும். பிளேட்டில் ஆணி போகும் ஒவ்வொரு துளையிலும் கடல் கிறீஸ் தாராளமாக வையுங்கள், நடுவில் பிளாஸ்ரிக் வாசர் போடுங்கள். பின்பலகைத் துளையைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் கடல் சீலன்ட் பூசாமல் ஒரு ஆணியும் இறுக்க வேண்டாம். ஓடி வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

பூட்டியாயிற்று. முதல் ஓட்டத்தில் எதைக் கவனிப்பது?

எஞ்சினின் பின்பக்கம் பீச்சுகிற தண்ணீரைக் கவனியுங்கள். உயர்த்த உயர்த்த அது மெலியத் தொடங்கினால் உறிஞ்சுகிற துளைகள் தண்ணீருக்கு வெளியே வருகின்றன என்று அர்த்தம். உடனே இறக்குங்கள். இம்பெல்லர் தண்ணீரில்லாமல் சுற்றினால் றப்பர் எரியச் சில நிமிடம் போதும். தண்ணீர் அழுத்தமானி பூட்டியிருந்தால் இன்னும் நல்லது, பீச்சும் தண்ணீர் சில நேரம் பிந்தித்தான் காட்டிக்கொடுக்கும்.

கிளம்பும்போது முழுதாக இறக்கி வையுங்கள், படகு எழும்பிய பிறகு உயர்த்துங்கள், வளைக்குமுன் இறக்குங்கள். கரைக்கு வந்ததும் எல்லா ஆணிகளையும் மறுபடி இறுக்குங்கள். புதிதாகப் பூசிய சீலன்ட் அமுங்கி ஆணிகள் முதல் சில ஓட்டங்களில் தளரும்.